தூக்கம் குறைந்தது, சந்தேகம் கூடியது: எந்த மாத்திரையை நிறுத்துவது?

கேள்வி: என் தம்பிக்கு 27 வயது. மனச்சோர்வுக்காக ஆறு மாதங்களாக ஃப்ளூவாக்ஸெட்டின் சாப்பிடுகிறான். ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவுக் கோளாறு) இருப்பதாகச் சொல்லி மூன்று வாரங்களுக்கு முன் மெத்தில்ஃபெனிடேட்டும் கொடுத்தார்கள். இப்போது இரவில் மூன்று மணி நேரம்கூடத் தூங்குவதில்லை. அலுவலகத்தில் எல்லோரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்கிறான். இரண்டு மாத்திரைகளும் சேரக் கூடாதவையா? எதை நிறுத்துவது?

பதில்: அடுத்து வரச் சொன்ன தேதிவரை காத்திருக்காதீர்கள், மருத்துவரிடம் இன்றே பேசுங்கள். தன்னையோ பிறரையோ காயப்படுத்துவது பற்றித் தம்பி பேசினால் நேராக அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். மருத்துவர் கிடைக்காத நேரத்தில் ஆலோசனை கேட்க, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இருக்கிறது.

இவ்விரண்டும் சேரவே கூடாத மருந்துகள் அல்ல. பலருக்கு இவற்றைச் சேர்த்தே கொடுக்கிறோம். ஏ.டி.எச்.டி.க்குத் தரப்படும் அட்டமாக்ஸெட்டின் என்றால் கதை வேறு. அதைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை ஃப்ளூவாக்ஸெட்டின் தடுப்பதால், இரத்தத்தில் அதன் அளவு பல மடங்கு ஏறிவிடும். மெத்தில்ஃபெனிடேட் பெரும்பாலும் வேறொரு நொதியால் சிதைகிறது. எனவே ஒரு மருந்து இன்னொன்றின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிட்டது என்பதல்ல இங்கே என் சந்தேகம். இரண்டு மருந்துகளுமே, உள்ளே மறைந்திருக்கும் பைபோலார் நோயை, அதாவது மனநிலை சோர்வுக்கும் மிதமிஞ்சிய எழுச்சிக்கும் (மேனியா) இடையே மாறும் நோயை, வெளியே கொண்டுவரக் கூடியவை.

இரவெல்லாம் விழித்திருந்த தம்பி காலையில் எப்படி இருக்கிறார் என்று பாருங்கள். சோர்ந்து, எரிச்சலோடு, தூங்க முடியவில்லையே என்று புலம்பினால், மெத்தில்ஃபெனிடேட் சாப்பிடும் நேரமோ அளவோ காரணமாக இருக்கலாம். அந்த மாத்திரையை மதியத்துக்குமேல் சாப்பிட்டால் தூக்கம் கெடுவது வழக்கம்தான். ஆனால் களைப்பே இல்லாமல் வேகமாகப் பேசுகிறார், பணத்தை வாரி இறைக்கிறார், புதிது புதிதாகத் திட்டம் போடுகிறார் என்றால் அது மேனியாவின் அறிகுறி. மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான். குடும்பத்தில் யாருக்காவது பைபோலார் இருந்ததா என்பதையும் சொல்லுங்கள். மாமாவுக்கு இருந்ததை மறைப்பது நம் வீடுகளில் சகஜம். இங்கே அது ஆபத்து.

எல்லோரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்பது போன்ற சந்தேகங்கள், முன்பு எந்த மனநோயும் இல்லாதவருக்கும் வரலாம். ஏ.டி.எச்.டி. மருந்துகளால் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கு அப்படி நேரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2007-லேயே எச்சரித்தது. அரிதுதான், ஆனால் பொருட்படுத்தாமல் விடக்கூடியது அல்ல.

எதை நிறுத்துவது? இந்த நிலையில் வழக்கமாக முதலில் நிறுத்தப்படுவது மெத்தில்ஃபெனிடேட். மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டுவிட்டு அடுத்த வேளையை நிறுத்துங்கள். ஓரிரு நாள் சோர்வும் மந்தமும் இருக்கலாம். ஃப்ளூவாக்ஸெட்டினை நீங்களாக நிறுத்த வேண்டாம். அது உடலைவிட்டு நீங்க வாரக்கணக்கில் ஆகும். இன்று நிறுத்தினால் இன்றிரவு பலன் கிடைக்காது. மேனியா உறுதியானால் அதையும் மருத்துவரே நிறுத்துவார்.

போகும்போது தம்பி சாப்பிடும் எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மூக்கடைப்பு மாத்திரை, உடற்பயிற்சிக்கு முன் குடிக்கும் காஃபீன் பொடி, கஞ்சா எதையும் விட வேண்டாம். கடைசியாகச் சொன்னதைத் தம்பி உங்கள் முன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார். மருத்துவரோடு தனியாகப் பேச விடுங்கள்.

இத்தோடு ஏ.டி.எச்.டி. சிகிச்சையே முடிந்துவிட்டது என்று அவர் பயப்படுவார். அப்படியில்லை. பைபோலார் உள்ளவர்களிடம் ஸ்வீடனில் நடந்த ஆய்வொன்று 2017-இல் வெளியானது. மனநிலையைச் சீராக்கும் மருந்து இல்லாமல் மெத்தில்ஃபெனிடேட் எடுத்தவர்களுக்கு மேனியா அபாயம் பல மடங்கு கூடியது. மனநிலையைச் சீராக்கும் மருந்தோடு சேர்த்து அதை எடுத்தவர்களுக்குக் கூடவில்லை. எனவே தம்பிக்கு பைபோலார்தான் என்று தெரிந்தாலும், மனநிலை சீரான பிறகு கவனக்குறைவுக்கான சிகிச்சையை மறுபடி தொடங்க முடியும்.