நோம்பிக்கு எரிக்கும் சருகு – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். பொள்ளாச்சிப் பக்கம் வீட்டைச் சுற்றி இருபது சென்ட் தோட்டம் எங்களுடையது. ஆறு தென்னை, கத்தரி, அவரை, கொஞ்சம் பூச்செடிகள். மரப்பெட்டிக்குள் மூங்கில் துண்டும் சருகும் அடைத்து, நன்மை செய்யும் பூச்சிகள் பனிக்காலத்தில் தங்குவதற்கு வீடு செய்து வைப்பதை யூட்யூபில் பார்த்தேன். ஆன்லைனிலும் கிடைக்கிறது. மார்கழிக்குள் ஒன்று வாங்கட்டுமா? அம்மா, "தேளும் பூரானும்தான் வந்து குடியேறும்" என்கிறார். பொங்கல் நோம்பிக்குத் தோட்டத்தைச் சுத்தம் செய்ய ஆளும் சொல்லிவிட்டோம்.

– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

பெட்டிக்கு ஆகும் காசை மிச்சம் பிடியுங்கள். அந்த ஆளிடம் என்ன வேலை சொல்லப்போகிறீர்கள் என்பதுதான் என் கவலை.

நீங்கள் பார்த்த பெட்டி பனி உறையும் நாடுகளுக்கு உரியது. ஐரோப்பாவில் பொறிவண்டுகள் பட்டை இடுக்கிலும் காய்ந்த தண்டிலும் கும்பலாக ஒடுங்கி, மாதக்கணக்கில் இரையெடுக்காமல் கிடக்கும். நம் பக்கம் மார்கழி இரவிலும் 18 டிகிரியை ஒட்டித்தான் இறங்குகிறது. பொறிவண்டும் கண்ணாடி இறக்கைப் பூச்சியும் குளவியும் அப்போதும் இரை தேடிக்கொண்டும் முட்டையிட்டுக்கொண்டும்தான் இருக்கின்றன. இங்கே அவை அழிவது, பொங்கலையொட்டிக் காப்புக் கட்டும் நாளுக்கு முன் தோட்டத்தைக் கூட்டி நாம் மூட்டும் தீயில்.

உங்கள் தென்னையையே பாருங்கள். 2016-ல் பொள்ளாச்சியில் தலைகாட்டிய, ஓலையின் சாற்றை உறிஞ்சும் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ இன்னும் போகவில்லை. அதைக் கட்டுக்குள் வைப்பது என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவி. கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம், அவ்வளவு சிறியது. வெள்ளை ஈயின் குஞ்சில் முட்டையிடும். அதன் புழு உள்ளேயே தின்று வளர்ந்து, குளவியாக வெளியே வரும். அடிமட்டையில் ஓர் ஓலையைத் திருப்பி லென்ஸ் வைத்துப் பாருங்கள். வெள்ளை ஈ வெளியேறிய கூட்டின் முதுகு ஆங்கில 'டி' எழுத்து வடிவில் பிளந்திருக்கும். குளவி வெளியேறியிருந்தால் வட்டமாக ஒரு சின்ன ஓட்டை. ஓட்டை இல்லாமல் கருத்துப்போய் இருப்பவற்றில் குளவி இன்னும் உள்ளே இருக்கிறது. இப்படிப்பட்ட ஓலைத் துண்டுகளைத்தான் கோவை வேளாண் பல்கலைக்கழகம் ஏக்கருக்கு 10 வீதம் மரத்தில் மாட்டச் சொல்கிறது. அதையே மட்டையோடு வெட்டிக் கொளுத்துகிறார்களே என்று எனக்கு வயிறு எரிகிறது. உங்கள் ஆளிடம் மட்டைகளை மரத்தடியில் பரப்பி வைக்கச் சொல்லுங்கள். எருவோடு சேர்த்துக் குவித்து மட்கவிட வேண்டாம், காண்டாமிருக வண்டு வந்துவிடும்.

அடுத்தது குச்சிகள். மயில்கொன்றை இருக்கிறதா? கவாத்து செய்த தண்டின் வெட்டுவாயைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். தண்டின் நடுவிலுள்ள மெத்தென்ற சோற்றைக் குடைந்து, பெரிய எறும்பளவு கருந்தேனீ ஒன்று உள்ளே போய்வரும். அதன் குஞ்சுகள் அந்தக் குழலுக்குள்தான் வளர்கின்றன. காய்ந்த தண்டுகளைத் தரையோடு வெட்டாமல் இடுப்பளவு விட்டுவையுங்கள். வெட்டியே ஆகவேண்டும் என்றால் கட்டாகக் கட்டி, மழை படாத தாழ்வாரத்தில் தொங்கவிடலாம். கடையில் விற்கும் பெட்டி செய்வதை அதுவே செய்யும். குச்சியில் காய்ந்த நுரைபோல ஒட்டியிருப்பது கும்பிடு பூச்சியின் முட்டைக்கூடு. அதை உரிக்காதீர்கள்.

அம்மா சொல்வதும் நியாயம்தான். சருகில் பூரானும் தேளும் தங்கும். வீட்டுச் சுவரிலிருந்து பதினைந்தடியாவது தள்ளி, குழந்தைகள் போகாத மூலையில் சருகை ஒதுக்கிவையுங்கள். வெறுங்கையால் அள்ள வேண்டாம். வாசலும் நடைபாதையும் அவர் விருப்பப்படியே பளிச்சென்று இருக்கட்டும்.

மாசிக்கு மேல் பூ குறைந்து ஈரமும் வற்றும்போதுதான் இந்தப் பூச்சிகளுக்கு உண்மையான சோதனை. அதைத் தாண்ட நம் கிளுவை வேலி உதவியது. பட்டை இடுக்கு, அடியில் யாரும் கூட்டாத சருகு, மேலே படர்ந்த கோவைக்கொடி, பிரண்டை என எல்லாம் ஒரே இடத்தில் இருந்தன. காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களில் இன்றும் அந்த வேலியைப் பார்க்கலாம். உங்களுடையது என்ன வேலி என்று எழுதவில்லை. கம்பிவேலி என்றால் கோடை மழைக்கு முன் அதன் ஓரமாகக் கிளுவைப் போத்து (வெட்டிய கிளை) நட்டுவிடுங்கள். கத்தரிப் பாத்தியைச் சுற்றி ஒரு வரிசை தட்டைப்பயறும் போடுங்கள். அதில் அசுவினி (செடிப்பேன்) ஏறும். பதறி மருந்து அடித்துவிடாதீர்கள், பொறிவண்டு அதைத் தின்னத்தான் வரும்.

அன்புடன்,
அக்கா