ஓசிச் சிப்பாயை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

கேள்வி: பத்தாவது படிக்கிறேன். எங்கள் செஸ் வகுப்பில் ஒரு அண்ணன் வெள்ளை எடுத்தாலே டேனிஷ் காம்பிட்தான் (சிப்பாய்களைக் கொடுத்துவிட்டு வேகமாகத் தாக்கும் தொடக்கம்). கொடுக்கிற சிப்பாயை எல்லாம் வெட்டுகிறேன், ஆனால் காஸ்லிங் செய்து ராஜாவை யானைப் பக்கம் ஒதுக்குவதற்கு முன்பே மேட் ஆகிவிடுகிறது. கறுப்பில் எப்படித் தப்பிப்பது?
– மாணவர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: தம்பி, வெட்டினது தப்பே இல்லை. வெட்டினதை விடமாட்டேன் என்று கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய் பார், அங்கேதான் வம்பு. பலகையை எடுத்து வை. எழுத்தும் எண்ணும் கட்டத்தின் பெயர், வெள்ளை முதலில், கறுப்பு அடுத்து. ஈ4 ஈ5, டி4 வெட்டு, சி3 வெட்டு, பிஷப் சி4, பி2-விலும் வெட்டு, அதை அவர் பிஷப்பால் எடுக்கிறார். உனக்கு இரண்டு சிப்பாய் லாபம், ஆனால் அவருடைய ஒரு பிஷப் எஃப்7-ஐ முறைக்கிறது, இன்னொன்று ஜி7-ஐ. உன் எஃப்8 பிஷப் சும்மா நகர்ந்தால் ஜி7-ம் போகும், பின்னாலேயே மூலை யானையும் போகும்.

இங்கே டி5 தள்ளு. பிஷப் அதை வெட்டினால் குதிரையை எஃப்6-ல் வை. அண்ணன் குஷியாக எஃப்7-ல் வெட்டி செக் வைப்பார், உன் ராஜா பிஷப்பை எடுக்கும், அவர் ராணி வந்து டி8-ல் உன் ராணியைத் தூக்கும். பதறாதே. எஃப்8 பிஷப்பை பி4-க்குக் கொண்டுபோய் செக் வை. பிஷப் விலகினதும் எச்8 யானைக்கு வழி திறந்து, அது நேராக அவர் ராணியைப் பார்க்கும். ராணியை டி2-வில் இறக்கி செக்கை மறைக்கணும், வேறு எது ஆடினாலும் ராணி போச்சு. நீ அதை வெட்ட, அவர் குதிரையால் உன் பிஷப்பை வெட்ட, எண்ணிப் பார்த்தால் ஆளுக்கு ஐந்து சிப்பாய், காய்களும் சமம். ராணி பக்கம் உனக்கு மூன்று, அவருக்கு ஒன்று. ராஜா பக்கம் அவருக்கு நான்கு, உனக்கு இரண்டு. அதனால் ஜெயித்தாச்சு என்று நினைத்துவிடாதே, ஆட வேண்டிய எண்ட்கேம், அதாவது காய் குறைந்த கடைசிக் கட்டம், இருக்கிறது. மேட் கனவோடு வந்தவர்கள் ராணி இல்லாமல் உட்கார்ந்திருக்கும்போது முகத்தைப் பார்க்கணும்!

இது ஷ்லெக்டர் காட்டிய வழி, 1910-ல் உலக சாம்பியன் லாஸ்கரோடு 5-5 என்று டிரா செய்த ஆஸ்திரியக்காரர். ஒருவேளை அண்ணன் டி5-ஐ சிப்பாயால் வெட்டினால் இன்னும் நல்லது, அவர் பிஷப்பின் பாதையை அவரே அடைத்துக்கொள்கிறார். குதிரை எஃப்6, பிஷப் டி6, காஸ்லிங், அப்புறமும் ஒரு சிப்பாய் உனக்கு அதிகம்.

கேள்வி: சில நிமிடங்களில் முடியும் பிளிட்ஸ் ஆட்டத்தில் இவ்வளவும் எனக்கு ஞாபகம் வராது. வெட்டாமலே சமாளிக்க முடியாதா?
– வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: தாராளமாக. அவர் சி3 ஆடினதுமே டி5 போடுங்கள், ஈ சிப்பாய் வெட்டினால் ராணியால் எடுங்கள். ராணியை இவ்வளவு சீக்கிரம் வெளியே விடலாமா என்று கேட்பீர்கள். விரட்ட வரவேண்டிய குதிரையின் இடத்தில், சி3-ல், அவர் சிப்பாயே நிற்கிறதே! அது டி4-ஐ வெட்டி நகர்ந்த பிறகு குதிரை வந்தாலும், பி4-ல் பிஷப்பை வைத்து அதை ‘பின்’ (pin) செய்துவிடலாம், நகர்ந்தால் ராஜாவுக்கு செக் என்பதால் குதிரை அசைய முடியாது. 1926-ல் அமெரிக்க வீரர் மார்ஷலுக்கு எதிராக, அப்போதைய உலக சாம்பியன் கேபபிளாங்கா கறுப்பில் இதே அமைப்பைத்தான் ஆடினார். ஜி4 பிஷப்பால் எஃப்3 குதிரையை வெட்டிவிட்டு ராணியை சி4-க்குக் கொண்டுபோக, வெள்ளையால் காஸ்லிங்கூட செய்ய முடியவில்லை. ஆட்டம் டிரா.