நோய் முற்றியவர்களுக்கு என்ன உதவி கிடைக்கும்? நீலகிரி வாசகர்களின் கேள்விகள்

கோத்தகிரி: அக்கா, அப்பாவுக்கு நுரையீரல் புற்று, நான்காம் நிலை. டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். மாற்றுத்திறனாளி அட்டை கிடைக்குமா?

புற்றுநோய் என்பதற்காக மட்டும் கிடைக்காது தம்பி. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் புற்றுநோய் இல்லை. நோயின் பெயரை அல்ல, உடம்பு எதை இழந்திருக்கிறது என்பதைத்தான் பார்ப்பார்கள். முதுகெலும்புக்குப் பரவிக் கால் விழுந்திருந்தால் இயக்கக் குறைபாடு என்று விண்ணப்பியுங்கள். டாக்டரிடம், "பிடிமானம் இல்லாமல் நிற்க முடியவில்லை, சட்டைப் பொத்தான் போட முடியவில்லை" என்றே எழுதி வாங்குங்கள்.

குன்னூர்: கணவருக்குக் குரல்வளையை எடுத்துவிட்டார்கள்.

அவருக்கு வழி இருக்கிறதம்மா. குரல்வளை நீக்கத்தால் நிரந்தரமாகப் பேச்சிழந்தவர்கள் பேச்சு, மொழிக் குறைபாட்டுப் பிரிவில் வருவார்கள். குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாது என்று சான்று கிடைத்தால் வருவாய்த் துறையின் மாத உதவித்தொகைக்கு மனுப் போடலாம். 2023 ஜனவரியில் அது ரூ.1,500 ஆனது.

கூடலூர்: அம்மா படுத்த படுக்கை. ஊட்டி வரை எப்படிக் கூட்டிப் போவது?

இப்போதைக்கு அம்மாவை அலைக்கழிக்க வேண்டாம். இணையத்தில் விண்ணப்பத்தைப் பதிந்துவிட்டு, படுக்கையில் இருக்கும் படத்தோடு நீங்கள் மட்டும் பிங்கர்போஸ்ட் கலெக்டர் ஆபீசுக்குத் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் போங்கள். வீட்டிலோ கூடலூரிலோ வைத்துப் பரிசோதிக்கும்படி எழுதிக் கொடுங்கள்.

சான்று தர முன்பு 1 மாதம் கெடு இருந்தது. 2024 திருத்தத்தில் 3 மாதம் ஆக்கிவிட்டார்கள். நாள் எண்ணிக்கொண்டிருப்பவருக்கு 3 மாதம் என்பது எவ்வளவு பெரிய காலம்! இவர்களுக்குத் தனி வரிசை வேண்டும் என்று மனுவிலேயே எழுதுங்கள். நானும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். அதுவரை சும்மா இருக்க வேண்டாம். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலி தணிப்புச் சிகிச்சை தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்றே பெயர் கொடுங்கள்.

பந்தலூர்: அண்ணன் தேயிலை எஸ்டேட்டில் வேலை. ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வரச் சொல்கிறார்கள்.

எழுதிக் கொடுக்க வேண்டாம்! வேலையில் இருக்கும்போதே நிரந்தரமாக, முழுமையாக உடல் முடங்கினால் 10 வருட சர்வீஸ் இல்லாவிட்டாலும் பி.எஃப். ஓய்வூதியத்துக்கு உரிமை உண்டு. ராஜினாமாவுக்குப் பின் முடங்கினால் அந்த உரிமை கைநழுவிவிடும். சிகிச்சைக்கு பி.எஃப். கணக்கிலிருந்து முன்பணமும் எடுக்கலாம். யூனியன்காரர்களை உடன் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

உதகை: சென்னைக்குச் சிகிச்சைக்குப் போக ரயில் சலுகை உண்டா?

உண்டு. அதற்கு மாற்றுத்திறனாளி அட்டை தேவையில்லை. புற்றுநோயாளி என்று மருத்துவமனை ரயில்வே படிவத்தில் சான்று தந்தால் போதும். ஸ்லீப்பரில் அவருக்கு முழுச் சலுகை, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம்.