போட்டி முடிந்தபின் தெரியவரும் தண்டனை அடிகள்: கோல்ஃப் விதிகள் குறித்த கேள்வி பதில்

கேள்வி: எங்கள் கிளப் போட்டியில் பரிசு வழங்கி மூன்று நாள் கழித்து, வென்றவர் ஒரு குழியில் பந்தைத் தவறான இடத்திலிருந்து ஆடியது தெரியவந்தது. அந்த மீறலுக்கான இரண்டு தண்டனை அடிகளை அவருடைய மொத்த அடிகளில் சேர்த்து முடிவை மாற்றலாமா?

பதில்: அவர் அறியாமல் செய்திருந்தால் மாற்ற இயலாது. மொத்த அடிகளை எண்ணி, குறைந்த அடிகளில் முடித்தவருக்கு வெற்றி தரும் போட்டியில் முடிவு இறுதியானபின் தண்டனை அடிகளைச் சேர்க்கவோ நீக்கவோ விதி 20.2, போட்டியை நடத்தும் குழுவான கமிட்டிக்கு இடம் தருவதில்லை. முடிவு எப்போது இறுதியாகிறது என்பதைப் போட்டி நிபந்தனைகளிலேயே முன்கூட்டி எழுதிவைப்பது கமிட்டியின் கடமை. பெரும்பாலான தகராறுகள் அதை எழுதாமல் விடுவதால்தான் வருகின்றன.

கேள்வி: அவருக்கு முன்பே தெரிந்திருந்தால்?

பதில்: அப்போது கால வரம்பே இல்லை. தண்டனை உண்டென்று அறிந்தும் சேர்க்காமல், ஒவ்வொரு குழிக்கும் எடுத்த அடிகளை எழுதும் ஸ்கோர் கார்டைக் கொடுத்தவரை எத்தனை நாள் கழித்தும் தகுதிநீக்கம் செய்தே ஆக வேண்டும். தண்டனை இருக்கலாம் என்று சக ஆட்டக்காரர் சொல்லியும் கமிட்டியிடம் கேட்காமல் கார்டைக் கொடுத்தவருக்கும் அறியாமை என்ற பாதுகாப்புக் கிடையாது. ஆகவே கமிட்டி முதலில் விசாரிக்க வேண்டியது, அவருக்கு அன்று என்ன தெரிந்திருந்தது என்பதையே.

கேள்வி: கார்டு கொடுத்தபின், ஆனால் முடிவு இறுதியாகும் முன் தெரிந்தால்?

பதில்: அறியாத தண்டனையை மட்டும் சேர்த்தால் போதும். இது எளிதில் வந்த நியாயமன்று. 2017 ஏஎன்ஏ இன்ஸ்பிரேஷன் போட்டியில் லெக்சி தாம்ப்சன் மூன்றாம் சுற்றின் 17ஆம் குழியில் பந்தைச் சற்றே தவறான இடத்தில் திரும்ப வைத்ததை ஒரு தொலைக்காட்சி நேயர் மின்னஞ்சலில் தெரிவிக்க, மறுநாள் கடைசிச் சுற்றின் நடுவே, தவறுக்கு இரண்டும் தவறான கார்டுக்கு இரண்டுமாக நான்கு அடிகள் அவர்மீது சேர்க்கப்பட்டன. சமநிலையை முறிக்க நடந்த கூடுதல் ஆட்டத்தில் அவர் தோற்றார். கார்டுக்கான அந்தக் கூடுதல் இரண்டு அடிகள் இன்றைய விதிகளில் இல்லை. அது நீங்கியது சரி என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன்.

கேள்வி: உண்மையைவிடக் கூடுதலாக எழுதிக் கையெழுத்திட்டால்?

பதில்: எழுதிய எண்ணிக்கையே நிற்கும். 1968 மாஸ்டர்ஸ் போட்டியில் ராபர்ட்டோ டி விசென்சோ 17ஆம் குழியை மூன்று அடிகளில் முடித்தும், அவருடைய அடிகளைக் குறித்துவந்த மார்க்கர் நான்கென எழுதியதைக் கவனியாமல் கையெழுத்திட்டார். பாப் கோல்பியுடன் சமநிலையில் இருந்திருக்க வேண்டியவர் ஓர் அடியில் பட்டத்தை இழந்தார்.

கேள்வி: ஆட்டக்காரரின் திறனுக்கேற்ப மொத்தத்திலிருந்து கழிக்கப்படும் அடிகளான ஹேண்டிகேப்பைக் கமிட்டியே தவறாகக் கணக்கிட்டிருந்தால்?

பதில்: அது ஆட்டக்காரரின் தண்டனையன்று, நிர்வாகப் பிழை. அதைத் திருத்தக் கால வரம்பில்லை. பரிசு கைமாறிய பின்னரும் திருத்த வேண்டும்.