ஏஜென்ட் போய்விட்டார், யூலிப் பாலிசியை நானே பார்த்துக்கொள்ளலாமா?

கேள்வி: நான் திருநெல்வேலியில் பள்ளி ஆசிரியை, வயது 43. 2018-இல் தெரிந்த ஏஜென்ட் ஒருவர் மூலம் யூலிப் (காப்பீடும் முதலீடும் சேர்ந்த பாலிசி) எடுத்தேன். 15 வருட பாலிசி, ஆண்டு பிரீமியம் 60,000 ரூபாய், காப்பீட்டுத் தொகை 6 லட்சம். நான் இறந்தால் இந்த 6 லட்சம், ஃபண்ட் மதிப்பு இரண்டில் எது அதிகமோ அது கிடைக்கும் என்று பத்திரத்தில் இருக்கிறது. 8 பிரீமியம் கட்டியாயிற்று. எல்லாம் பங்குகளில் முதலீடு செய்யும் ஈக்விட்டி ஃபண்டில்; இன்றைய மதிப்பு 7.1 லட்சம். மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள், கல்லூரிக்கு இதைத்தான் நம்பியிருக்கிறேன். ஏஜென்ட் தொழிலை விட்டுவிட்டார். வேறு ஆள் பிடிக்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. பிரீமியம் கட்டுவது, ஃபண்ட் மாற்றுவது, நாமினி மாற்றுவது எல்லாமே நிறுவனத்தின் இணையதளத்திலோ கிளையிலோ நீங்களே செய்யக்கூடியவை. முதலில் உங்கள் செல்போன் எண், மின்னஞ்சல், வங்கிக் கணக்கு மூன்றும் அவர்களிடம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். விண்ணப்பத்தில் ஏஜென்ட் தன் செல் நம்பரையே எழுதிவிட்ட கதைகள் நிறையக் கேட்டிருக்கிறேன்.

அப்புறம் யூனிட் ஸ்டேட்மென்ட்டை எடுத்து, காப்பீட்டுக்காக மாதாமாதம் கழிக்கும் இறப்புக் கட்டணத்தைத் தேடுங்கள். ஆரம்பத்தில் கொஞ்சம் போயிருக்கும். இப்போது பூஜ்யமாக இருக்க வேண்டும். லாபம்தானே என்று தோன்றும். ஆனால் அதன் அர்த்தம் வேறு. உங்கள் ஃபண்டில் 50,000 இருந்தபோது நிறுவனம் தன் கையிலிருந்து போட வேண்டியது 5.5 லட்சம். இன்று 7.1 லட்சம் இருக்கிறது, அவர்கள் போட வேண்டியது ஒன்றுமில்லை. உங்களுக்கு ஏதாவது ஆனால் வீட்டுக்கு வருவது உங்கள் சொந்தப் பணம் மட்டுமே. சந்தை நன்றாக விழுந்தால் ஒழிய இந்தப் பாலிசியில் காப்பீடு என்று எதுவும் மிச்சமில்லை. ஆகவே தனியாக ஒரு டேர்ம் பாலிசி, அதாவது முதலீடு கலக்காத வெறும் உயிர்க் காப்பீடு, எடுங்கள். 50 லட்சத்துக்கு எடுத்தாலும் பிரீமியம் இந்த 60,000-இல் ஒரு பங்குதான் ஆகும்.

இதை சரண்டர் செய்து, அதாவது பாலிசியை முடித்துப் பணத்தை எடுத்துவிடலாமா? 5 வருடம் தாண்டிவிட்டதால் பிடித்தம் இல்லாமல் முழு மதிப்பும் கிடைக்கும். நானாக இருந்தால் இப்போதைக்கு வைத்திருப்பேன். பெரிய கட்டணங்கள் எல்லாம் ஆரம்ப வருடங்களிலேயே போய்விட்டன. இனி முக்கியமாகப் பிடிப்பது ஃபண்ட் நிர்வாகக் கட்டணம், அதற்கு உச்சவரம்பு ஆண்டுக்கு 1.35 சதவீதம்.

எனக்குக் கவலை ஈக்விட்டியைப் பற்றித்தான். 2020 ஜனவரியில் 12,000-க்கு மேல் இருந்த பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டி மார்ச்சில் 7,600 வரை இறங்கியது. கல்லூரியில் ஃபீஸ் கட்டும் நேரத்தில் அப்படி ஒன்று நடந்தால் என்ன செய்வீர்கள்? முதல் வருடத்துக்குத் தேவையான பணத்தை இப்போதே கடன் பத்திர ஃபண்டுக்கு மாற்றுங்கள். மீதியைச் சில மாதங்களுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தலாம். யூலிப்புக்குள் மாற்றினால் வரி கிடையாது. வருடத்துக்கு எத்தனை முறை இலவசம் என்பது பத்திரத்திலேயே இருக்கும்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 'ஸ்விட்ச்' கொடுத்தால் ஏற்கெனவே உள்ள யூனிட்டுகள் மட்டும்தான் மாறும். அடுத்த பிரீமியம் பழையபடி ஈக்விட்டிக்கே போகும். அதற்கு 'பிரீமியம் திசைமாற்றம்' என்று தனி விண்ணப்பம் கொடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் கொடுத்துவிடுங்கள். ஃபீஸ் கட்டும்போது தேவையான அளவுக்குப் பகுதிப் பணம் எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. "ஐஆர்டிஏஐ-யிலிருந்து (காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம்) பேசுகிறோம், உங்கள் பாலிசிக்கு போனஸ் வந்திருக்கிறது" என்று யாராவது கூப்பிட்டால் பேச்சை வளர்க்காமல் வைத்துவிடுங்கள். அந்த ஆணையம் போனஸ் அறிவிப்பதும் இல்லை, பாலிசி விற்பதும் இல்லை.