கோடு நிலத்திலா, வானத்திலா?

கேள்வி: பர்மாவின் பெகு நகரில் சர்வே வேலை பார்க்கிறேன். 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்கு முன்னும் பின்னும் ஜப்பானின் ஆலோஸ்-2 செயற்கைக்கோள் நள்ளிரவில் எடுத்த ரேடார் படங்களை ஒப்பிட்டேன். நிலநடுக்கம் உண்டான சாகைங் நிலப்பிளவுக்குக் கிழக்கே, ஷான் மலைப் பக்கம், வடக்குத் தெற்காகக் கோடுகள் தெரிகின்றன. அங்கேயும் நிலம் நகர்ந்திருக்குமா?

பதில்: அவசரப்பட்டு ரிப்போர்ட்டில் ஏற்றிவிடாதீர்கள் தம்பி. அவை நிலத்தில் இல்லாமல், 300, 400 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

வானின் அந்த மின்னேற்ற அடுக்கான அயனி மண்டலத்து எலக்ட்ரான்களை ரேடார் அலை போகும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை கடக்கிறது. அதனால் தூரக் கணக்கில் பிழை வரும். அதிர்வெண் இரண்டு மடங்கானால் அந்தப் பிழை கால்வாசியாகும். ஆலோஸ்-2 சுமார் 1.2 கிகாஹெர்ட்ஸ், ஐரோப்பிய ரேடார் செயற்கைக்கோள் சென்டினல்-1 சுமார் 5.4 கிகாஹெர்ட்ஸ். அதே வானத்தில் ஆலோஸ் படும் பாடு ஏறக்குறைய 20 மடங்கு. காடு மறைத்த மலையில் நிலத்தைப் பார்க்க ஆலோஸின் நீண்ட அலையான எல் பேண்ட்தான் நல்லது. தொல்லையும் கூடவே வரும்.

பர்மாவுக்கு இன்னொரு வம்பு உண்டு. பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு மேலே எழும் எலக்ட்ரான்கள் இரு பக்கமும் சரிந்து குவிகின்றன. வடக்குக் குவியல் விழுவது மண்டலே பக்கம். பொழுது சாய்ந்தபின் அதில் எலக்ட்ரான் குறைந்த குமிழிகள் கிளம்பி, காந்தக் கோடுகளோடு வடக்குத் தெற்காக நீளும். மார்ச், செப்டம்பரை ஒட்டி அதிகம். சூரியனும் அப்போது உச்ச வீரியத்தில் இருந்தது. சாகைங் பிளவும் அதே திசையில்தான் ஓடுகிறது. குழம்பாமல் என்ன செய்யும்!

முதலில், ஒப்பிடாமல், ஒற்றைப் படத்தின் வெளிச்சத்தை மட்டும் பாருங்கள். காடு, வயல் என்று பாராமல் மேலே வரிவரியாக ஓடினால் குமிழியேதான். அப்புறம், நிலநடுக்கத்துக்குப் பிந்தைய இரண்டு படங்களைத் தங்களுக்குள் ஒப்பிடுங்கள். பெரிய நகர்வு முடிந்த பிறகும் கோடு வந்தால் நிலத்தின் மேல் பழி போட முடியாது. எந்தத் தேதிப் படம் சேரும்போதெல்லாம் கோடு வருகிறதோ, அதை ஒதுக்குங்கள்.

அலைக்கற்றையை மேல்பாதி, கீழ்பாதி என்று பிரித்துத் திருத்தும் முறையும் இருக்கிறது. நில நகர்வால் வரும் தூர மாற்றம் இரண்டிலும் ஒன்றே. எலக்ட்ரான் காட்டும் மாற்றம் வேறுபடும். ஆனால் இரைச்சலை அடக்க நிறையச் சராசரி எடுக்க வேண்டும், அதில் மெல்லிய கோடுகள் தப்பிவிடும். எனக்கு அதைவிடச் சென்டினலின் விடியற்காலைப் படத்தோடு சரிபார்ப்பதில்தான் நம்பிக்கை.

இனிமேல் வேலைக்கு, 2025 ஜூலை 30ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன இந்திய-அமெரிக்க ரேடார் செயற்கைக்கோள் நிசாரும் எல் பேண்ட்தான். அது கடப்பது காலை, மாலை ஆறு மணி வாக்கில். குமிழிகள் பெரும்பாலும் அடங்கியிருக்கும் காலைப் படத்தை எடுங்கள்.