மூன்றாவது சென்சாருக்குப் பணம் கொடுக்கும் முன்

கேள்வி: என்னிடம் 2005ஆம் ஆண்டு சான்ட்ரோ ஜிங் கார் உள்ளது. காலையில் ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் எஞ்சின் பிடிப்பதில்லை. வெயில் ஏறிய பிறகு சில நாள் பிடித்துவிடுகிறது. மெக்கானிக் கிராங்க் சென்சாரையும் ஆக்சிஜன் சென்சாரையும் மாற்றிவிட்டார். இப்போது த்ராட்டில் சென்சாரை மாற்றி அட்ஜஸ்ட் செய்ய வேண்டும் என்றும், அதற்கும் சரிப்படாவிட்டால் இசிஎம் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) போயிருக்கும் என்றும் சொல்கிறார். மாற்றலாமா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம். ஆக்சிஜன் சென்சாரை மாற்றினார் என்ற ஒரு தகவலே போதும், உங்கள் மெக்கானிக் அளந்து பார்க்காமல் ஊகத்தில் வேலை செய்கிறார் என்று சொல்லிவிடலாம். சைலன்சர் குழாயில் இருக்கும் அந்தச் சென்சார் சுமார் 300 டிகிரிக்குச் சூடேறிய பிறகுதான் வேலையே தொடங்கும். அதுவரை இசிஎம் அதன் பேச்சைக் கேட்பதில்லை. முற்றிலும் செத்துப்போன ஆக்சிஜன் சென்சாருடன்கூட வண்டி ஸ்டார்ட் ஆகும். மைலேஜும் புகையும்தான் கெடும். எஞ்சின் சுற்றுவதை இசிஎம்முக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் மீது சந்தேகப்பட்டதில் ஓரளவு நியாயம் உண்டு, ஏனென்றால் அதிலிருந்து சிக்னல் வராவிட்டால் பொறியும் வராது, பெட்ரோலும் தெளிக்காது. ஆனால் அது பழுதாகும்போது பெரும்பாலும் காலையில் நன்றாகப் பிடித்து, எஞ்சின் சூடேறியதும் வண்டி நின்றுபோய், அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி பிடிக்கும். உங்கள் வண்டியின் குணம் அதற்கு நேர் எதிராக இருக்கிறது.

எனவே நாளைக் காலையில் முதலில் காசில்லாத ஒரு சோதனையைச் செய்யுங்கள். சாவியை ஆன் வரை மட்டும் திருப்பினால், பின் சீட்டுப் பக்கம் பெட்ரோல் பம்ப் ஒன்றிரண்டு விநாடி முனகும் ஓசை கேட்க வேண்டும். ஓசை நின்றதும் சாவியை ஆஃப் செய்து, மீண்டும் ஆன் செய்யுங்கள். இப்படி மூன்று நான்கு முறை செய்துவிட்டு ஸ்டார்ட் செய்தால் உடனே பிடிக்கிறது என்றால், இரவில் குழாயில் பெட்ரோல் அழுத்தம் இறங்கிவிடுகிறது என்று பொருள். அது பம்பின் வால்வையோ பிரஷர் ரெகுலேட்டரையோ பார்க்க வேண்டிய வேலை. எந்தச் சென்சாரை மாற்றியும் பயன் இராது. ஓசையே வரவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, பம்ப்புக்குப் போகும் வயர் ஆகியவற்றைப் பாருங்கள். கேஸ் கிட் பொருத்திய வண்டியாக இருந்தால், பெட்ரோலை நிறுத்துவதற்காக, அதை எஞ்சினுக்குள் தெளிக்கும் இன்ஜெக்டரின் வயரை வெட்டி இடையில் சொருகிய இணைப்புகளைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

அடுத்து, இதுவரை யாரும் தொடாத கூலண்ட் வெப்பச் சென்சார். குளிர்ந்த எஞ்சினை இது சூடாக இருப்பதாகச் சொன்னால் இசிஎம் காலையில் தேவையான கூடுதல் பெட்ரோலைத் தராது. நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, கனெக்டரைக் கழற்றி, சென்சாரில் இசிஎம்முக்குப் போகும் முனைகளில் அளந்தால், 20 டிகிரியில் ஏறக்குறைய இரண்டிலிருந்து மூன்று கிலோ ஓம் இருக்கும். 80 டிகிரியில் சுமார் 300 ஓமுக்கு இறங்கும். திருச்சியின் காலை வெப்பத்தில் இரண்டு கிலோ ஓமை ஒட்டிக் காட்டினால் நல்லது, சில நூறு ஓம் மட்டுமே காட்டினால் மாற்றுங்கள். டேஷ்போர்டில் வெப்ப முள் சரியாகக் காட்டுகிறதே என்று ஏமாற வேண்டாம். அந்த முள்ளுக்குப் போகும் இணைப்பு வேறு. மாற்றும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், வழிந்த கூலண்டை நிரப்ப வேண்டும். கனெக்டரின் உள்ளே பச்சையாகப் பூத்திருந்தால் அதைச் சுத்தம் செய்து மறுபடி அளந்த பிறகே கடைக்குப் போங்கள், ஏனென்றால் பல நேரம் கோளாறு அத்துடன் தீர்ந்துவிடும்.

இனி அந்த 'அட்ஜஸ்ட்' விவகாரம். இக்காரில் இருக்கும் சென்சார்களில் பெரும்பாலானவற்றில் அட்ஜஸ்ட் செய்ய எதுவுமே கிடையாது. அதற்கென்று தனியாகக் கூலி கேட்டால் காரணம் கேளுங்கள். விதிவிலக்கு, ஆக்ஸிலரேட்டர் எவ்வளவு மிதிபட்டிருக்கிறது என்று இசிஎம்முக்குச் சொல்லும் த்ராட்டில் சென்சார், அதுவும் அதன் ஸ்குரு ஓட்டைகள் நீள்வட்டமாக இருந்தால் மட்டும்தான். ஓட்டை உருண்டையாக இருந்தால் பொருத்தினால் முடிந்தது. நீள்வட்டமாக இருந்தால், சாவியை ஆன் செய்து, எஞ்சினை ஓட்டாமல், ஆக்ஸிலரேட்டரைத் தொடாத நிலையில் சிக்னல் வயரில் வோல்ட்டை அளக்க வேண்டும். பொதுவாக அரை வோல்ட்டை ஒட்டி இருக்கும். மெல்ல மிதித்தால் எங்கும் குதிக்காமல் நான்கு வோல்ட்டுக்கு மேல் ஏற வேண்டும். குறைவாகவோ கூடுதலாகவோ இருந்தால் இரண்டு ஸ்குருவையும் தளர்த்தி, சென்சாரைச் சற்றே திருப்பி, முறுக்கிய பிறகு மறுபடியும் அளக்க வேண்டும், ஏனென்றால் முறுக்கும்போதே அது நகர்ந்துவிடும். இந்தச் சென்சாரால் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போவதும் உண்டு: ஆக்ஸிலரேட்டர் முழுவதும் மிதிபட்டிருப்பதாக அது பொய் சொன்னால், பிளக் நனைந்துவிட்டது போலும் என்று எண்ணிப் பல இசிஎம்கள் பெட்ரோலை நிறுத்திவிடும். அதன் கனெக்டரைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்து, வண்டி பிடித்தால் கோளாறு பெரும்பாலும் அதில்தான். மீட்டரே இல்லாமல், த்ராட்டில் பாடியில் கம்பெனி பெயிண்ட் வைத்த ஸ்டாப்பர் ஸ்குருவைத் திருப்புகிறவரிடமிருந்து மட்டும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். அதன் பிறகு ஐடிலிங் ஒரு நிலையில் நிற்காது, அதற்கும் ஒரு சென்சார் வாங்கச் சொல்வார்.

'எலக்ட்ரிகல் பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது' என்று பில்லின் அடியில் அச்சடித்திருக்கும் கடைகளில் ஊகத்துக்குச் சென்சார் வாங்குவது சூதாட்டம்; மெக்கானிக்குக்குக் கமிஷன் போகும் கடையாக இருந்தால் தோற்பவர் எப்போதும் நீங்கள்தான். ஒரிஜினல் போலவே டப்பா அச்சடித்த போலிகளும் ஏராளம். சென்னை புதுப்பேட்டையில் பழைய வண்டிகளிலிருந்து கழற்றி விற்கும் கதவும் கண்ணாடியும் தாராளமாக வாங்கலாம், ஆனால் பழைய சென்சார் வேண்டாம். மாற்றிய பழைய இரண்டு சென்சார்களையும் இன்றே கேட்டு வாங்கி வையுங்கள். அந்த கிராங்க் சென்சார் நன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

முழுப் பழியையும் மெக்கானிக் மீது போடவும் எனக்கு மனமில்லை. காரின் கோளாறுகளைக் கருவி வைத்துப் படிக்க உதவும் ஓபிடி 2 என்ற பொது முறை இந்தியாவில் கட்டாயமானதே 2013இல்தான். அதற்கு முந்தைய உங்கள் காரில் மலிவான புளூடூத் ஸ்கேனர் பேசும் என்று நம்ப முடியாது, பேசக்கூடிய கருவியும் வயரிங் வரைபடமும் வெளி மெக்கானிக்கின் கைக்கு எளிதில் வருவதில்லை. இப்படி வெளியாருக்குக் கிடைக்காமல் செய்ததற்காகத்தான் 2014இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வழக்கு மேல்முறையீடுகளில் இழுபட்டது. 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று அரசு இணையதளமும் திறந்தது. ஆனாலும் பட்டறையில் இருப்பவர் இன்றும் ஒவ்வொன்றாக மாற்றித்தான் கற்றுக்கொள்கிறார், அதற்கான கட்டணம் உங்கள் பையிலிருந்து போகிறது.

இசிஎம் பற்றிய பேச்சை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். அதற்கு வரும் மின்சாரம், மெயின் ரிலே, எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் வயர் ஆகிய மூன்றையும் அளந்து, எண்களைத் தாளில் எழுதிக் காட்டும் எலக்ட்ரீஷியன் ஒருவர் சொன்னால் மட்டும் அதைக் கழற்ற அனுமதியுங்கள்.